டைல்ஸுக்கு அடியில் ஒரு ஸ்பா

"பாத்ரூமை ஸ்பா மாதிரி பண்ணணும்" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "உங்களுக்குக் கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்றுதான். என்ன கலர், என்ன பட்ஜெட் என்று கேட்பேன் என நினைத்திருப்பார்கள். மறுமுனையில் சத்தமே வராது. அடுக்குமாடியில் உங்கள் குளியலறைத் தரை இன்னொருவர் வீட்டுக் கூரை. அந்தக் கூரையில் இப்போதே ஓதம் ஏறியிருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்து பெயிண்ட் உரிகிறதா, அந்த வீட்டுக்காரர் உங்களோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறாரா என்பதெல்லாம் தெரிந்தால்தான், வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியும்.

நான் சிவில் என்ஜினியர். புது வீடு கட்டித் தருவதில்லை. சென்னையில் மேற்கு மாம்பலம், ஆதம்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழும்பிய ஃப்ளாட்டுகளின் பாத்ரூம்களை உடைத்துப் புதிதாக்குவதுதான் என் பிழைப்பு. எட்டடிக்கு ஐந்தடி அறை. அதற்குள் குளியல், கழிப்பறை, வாஷ்பேசின், கெய்ஸர், வாளி, முக்காலி, துவைக்கப் போட்ட துணி எல்லாம் இருக்கும். பெட்ரூமோடு சேர்ந்திருப்பதால் மட்டும் அதற்கு 'மாஸ்டர் பாத்ரூம்' என்று பெயர்.

நங்கநல்லூரில் செய்த ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். இரண்டாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சார், அவர் மனைவி. மகள் ஒரு விடுமுறைக்கு இருவரையும் கடலோர ரிசார்ட் ஒன்றில் தங்க வைத்திருக்கிறாள். ஊர் திரும்பியதிலிருந்து மாமிக்குச் சொந்த பாத்ரூம் பிடிக்கவில்லை. போனில் படம் காட்டினார். நடுவே வெள்ளைத் தொட்டி, பக்கத்தில் மெழுகுவர்த்தி, கூழாங்கல், மூங்கில் செடி. நம்முடைய ஹாலும் கிச்சனும் சேர்ந்தால் வரக்கூடிய பரப்பு.

"படத்தை விடுங்கோ மாமி. அங்கே குளிச்சப்போ என்ன பிடிச்சுது?"

மாமி யோசித்துச் சொன்னார். "தண்ணி நன்னா கொட்டித்து. நாத்தம் இல்லை. லைட் கண்ணைக் குத்தலை. முக்கியமா, கால் ஈரமாகாம புடவை கட்டிண்டு வெளியே வந்தேன்."

இந்தப் பதிலைக் குறித்துக்கொண்டேன். மெழுகுவர்த்தியும் மூங்கிலும் அதில் இல்லை. அவர் சொன்ன நான்கில் மூன்று, டைல்ஸுக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் நடக்கிற வேலை. ஸ்பா என்ற பெயரில் பணம் கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கை இறுக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் தரை. அந்தக் காலத்து ஃப்ளாட்டுகளில் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிட ஓரடி, ஒன்றரை அடி இறக்கிப் போட்டிருப்பார்கள். மேஸ்திரிகள் பாஷையில் சங்கன் ஸ்லாப். அந்தப் பள்ளத்துக்குள் கழிவு பைப்புகள் ஓடும். மேலே செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்பி, கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாகவும் பைப் ஜாயிண்ட் வழியாகவும் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் முழுவதையும் அந்த ஜல்லி குடித்து வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் ஊறிய ஜல்லியை வெட்டி எடுத்தால் சாக்கடை நாற்றம் அடிக்கும். ரூம் ஃப்ரெஷ்னர் எத்தனை மாட்டினாலும் போகாத அந்த வாடை வருவது அங்கிருந்துதான். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்பவரை இதனால்தான் நான் வாசலோடு அனுப்பச் சொல்வேன். ஊறல் மேல் இன்னொரு மூடி போடுவதற்குப் பெயர் புதுப்பித்தல் இல்லை.

நங்கநல்லூர் வீட்டில் தளம் வரைக்கும் உடைத்தோம். சுவருக்குள் இருந்த ஜி.ஐ. பைப்புகளை வெட்டி எடுத்துப் பார்த்தால், விரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில் நுழையவில்லை; உட்புறம் துருவும் உப்பும் இறுகிப் போயிருந்தன. பச்சைத் தண்ணீர், வெந்நீர் இரண்டுக்கும் சி.பி.வி.சி. பைப் மாற்றினோம். கழிவு பைப்பை மாற்றி, எல்லா ஜாயிண்ட்டையும் அடைத்து, தண்ணீர் நிரப்பிச் சோதித்த பிறகுதான் மூடும் பேச்சே வந்தது. நிரப்பவும் பழையபடி செங்கல் ஜல்லி போடவில்லை. கனம் குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் துண்டுகளைப் போட்டால் தளத்துக்குச் சுமை குறையும்.

வாட்டர்ப்ரூஃபிங் என்பதை டப்பாவில் வரும் மந்திரத் தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சு அது. ஒன்று காய்ந்த பிறகு குறுக்கே இன்னொன்று என இரண்டு கை அடிக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலைதான் முதலில் வெடிக்கிற இடம். அங்கே கண்ணாடி இழை வலையைப் பதித்து, மூலையைக் கொஞ்சம் வளைத்துப் பூச வேண்டும். சுவரில் ஓரடி உயரம் வரை; ஷவர் விழும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே. பள்ளத்தின் அடியில் ஒரு தடவை, நிரப்பிய பிறகு மேலே இன்னொரு தடவை. அப்புறம் வடிகால் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட வேண்டும். கொத்தனாருக்கு வேலை இல்லாத அந்த நாட்களில்தான் வீட்டுக்காரருக்குப் பொறுமை போகும். "சும்மா இருக்கற நாளுக்கும் கூலியாம்மா?" என்று சார் கேட்டார். கீழ் வீட்டுக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய், டார்ச் அடித்துக் கூரையைக் காட்டினேன். காய்ந்திருந்தது. அந்த வீட்டு அம்மா காபி கொடுத்தார். ரொம்ப நாளாக இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளவில்லை என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது வாட்டம். நூறு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக வாய்க்குப் போகும். ஷவர் பகுதியில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். எங்கள் மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித்தான் நம்புவார். இரண்டடி நீளப் பெரிய டைல்ஸ் போட்டால் அழகு, உண்மைதான். ஆனால் ஒரே வாயை நோக்கி நாலா பக்கமும் சரிய வேண்டிய தரையில் பெரிய டைல்ஸ் வளையாது, எங்கேயாவது தேங்கும். சுவரோரமாக நீளமான வடிகால் வைத்து, தரை முழுவதும் ஒரே பக்கம் சரியும்படி செய்தால் பெரிய டைல்ஸும் போடலாம், தண்ணீரும் நிற்காது. மாமி வீட்டில் அதைத்தான் செய்தோம். நீள வடிகாலோ வட்ட ஜாலியோ, அடியில் நஹானி டிராப் இருக்க வேண்டும். அதில் தங்கும் 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் மறிக்கிறது. மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போய்விட்டு வந்தால் பாத்ரூம் நாறுவது அந்தத் தண்ணீர் வற்றிவிடுவதால்தான். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரும் அதன் மேல் ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போங்கள். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்ளும், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

இனி தொட்டி. நான் வேண்டாம் என்றேன். ஒரு ஆள் படுக்கிற தொட்டிக்கு 200 லிட்டர் போலத் தண்ணீர் பிடிக்கும். தொட்டி, தண்ணீர், ஆள் எல்லாம் சேர்ந்தால் முந்நூறு கிலோவுக்கு மேல். குடியிருப்புத் தளத்தில் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்பதுதான் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் நடமாட்டச் சுமை. பழைய கட்டடத்தில் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கேட்காமல் தொட்டியைக் கொண்டுபோய் உட்கார வைக்க மாட்டேன். எடை கிடக்கட்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. தொட்டி வாங்கியவர்கள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பெரும்பாலும் அதில் லாரித் தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஊறப்போட்ட துணி இருக்கும்.

தொட்டி போன ஏமாற்றத்துக்கு மாமி ஷவரில் ஈடு கேட்டார். "குத்தாலம் மாதிரி கொட்டணும்." இது எல்லோரும் கேட்பது. அரைக்கு அரை மீட்டர் அகலத்தில் கூரையில் பதிக்கும் ஷவரைக் கடையில் திறந்து காட்டுவார்கள், அடித்துக் கொட்டும். கடையில் பம்ப் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது மொட்டைமாடித் தொட்டி. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் ஷவர் தலைக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டரை மீட்டர் இருந்தால் கிடைப்பது கால் பார். பெரிய ஷவருக்கு ஒரு பாராவது வேண்டும். கால் பாரில் அது ஓரங்களில் சொட்டும், நடுவில் ஒழுகும். தரைத்தளத்தில் இருப்பவருக்கு அதே தொட்டியிலிருந்து முக்கால் பாருக்கு மேல் வரும். மேல் மாடிக்காரர்களுக்கு வியூ, கீழ் மாடிக்காரர்களுக்கு பிரஷர்.

அதனால் மாடியில் சின்ன பிரஷர் பம்ப், அடியில் ரப்பர் மெத்தை. மெத்தை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் விடிகாலையில் எழுந்து சண்டைக்கு வருவார். தொட்டி பொதுச் சொத்து என்பதால் சங்கத்தின் அனுமதியைக் கடிதமாக வாங்கிக்கொள்ள வேண்டும். பம்ப் பச்சைத் தண்ணீர்க் குழாயை மட்டும் தள்ளி, வெந்நீர் பழைய வேகத்திலேயே வந்தால் டைவர்ட்டரில் இரண்டும் சரியாகக் கலக்காது, சூடே வராது. கெய்ஸருக்குப் போகும் குழாயும் பம்பிலிருந்தே வர வேண்டும், கெய்ஸரும் அந்த அழுத்தத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

கெய்ஸர் கணக்கு ஒன்று கடையில் யாரும் சொல்வதில்லை. 15 லிட்டர் கெய்ஸரில் 60 டிகிரிக்குச் சுட்ட நீரை, 27 டிகிரி பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரி ஆக்கினால் 38 லிட்டர் போல வரும். வாளிக் குளியலுக்கு அது இரண்டு வாளி. ஒருவர் தாராளமாகக் குளிக்கலாம். பெரிய ஷவர் நிமிஷத்துக்கு 12 லிட்டர் கொட்டுகிறது என்றால் மூன்று நிமிஷத்தில் பனிக்கட்டி. மறுபடி சுட 2 கிலோவாட் ஹீட்டருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாமி வீட்டில் 25 லிட்டராக மாற்றினோம், ஷவரின் அளவையும் குறைத்தோம், கையில் பிடிக்கும் ஷவர் ஒன்றையும் வைத்தோம். சார் இப்போதும் வாளிதான். பாத்ரூமைப் புதுப்பிக்கிற என்ஜினியர்கள் வாளிக்கு இடமே விடுவதில்லை, நான் விடுவேன். சென்னையில் கரண்ட் போகும், தண்ணீர் நிற்கும்.

ஸ்பாவின் பெரிய எதிரி போர் தண்ணீர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. அந்த 600ஐத் தாண்டுகிற போர்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட தண்ணீரில் மேட் கறுப்புக் குழாய்கள் மாட்டிக் கொடுங்கள் என்று இளம் தம்பதிகள் கேட்கிறார்கள். ஒரு மாதத்தில் அவை விபூதி பூசியது போல ஆகிவிடும். கண்ணாடித் தடுப்பும் அப்படித்தான். சூடாகும்போது உப்பு இன்னும் வேகமாகப் படியும் என்பதால் கெய்ஸர் காயில் முதலில் சாகும். வாட்டர் சாஃப்ட்னர் வைத்தால் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும்; அவ்வப்போது உப்புப் போட்டுக் கழுவி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். தண்ணீரின் மொத்த உப்பை அது குறைப்பதில்லை, குடிக்கவும் அது ஆகாது. ஆனால் சோப்பு நுரைக்கும், முடி சிக்காது, குழாய் பளபளக்கும். இத்தாலி டைல்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் பாதியை நான் சாஃப்ட்னருக்கு நகர்த்திவிடுவேன். மாமி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பேசின் குழாய் நுனியில் இருந்த ஜாலியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டிக் காட்டினேன். கல் கல்லாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

கால் நனையாமல் புடவை கட்ட வேண்டும் என்றால் அறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எட்டடியில் கடைசி மூன்றடி குளியல். நடுவே 10 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி, கதவு இல்லாமல், பாதி அகலத்துக்கு. தரையில் கட்டை வைக்கவில்லை. ஷவர் பகுதியை அரை அங்குலம் இறக்கினால் போதும். வயதானவர்கள் தடுக்கி விழ ஒரு அங்குலக் கட்டை போதும்.

தரைக்கு வழவழப்பான டைல்ஸ் எந்த வீட்டிலும் ஆகாது, எண்ணெய்க் குளியல் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம். டைல்ஸ் பெட்டியில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று அச்சிட்டிருப்பது ஜெர்மன் தரம். எண்ணெய் தடவிய சரிவுப் பலகையில் காலணி போட்ட ஆளை நடக்க வைத்து, எந்தச் சரிவில் வழுக்குகிறார் என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வரிசை உண்டு. அதைச் சோப்புத் தண்ணீரில் சோதிக்கிறார்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் வழிய முக்காலியில் உட்கார்ந்து சீயக்காய் தேய்க்கிற சாருக்கு இந்தச் சோதனைகளைப் பற்றிச் சொன்னபோது, "நம்மாத்துலயே பண்ணியிருக்கலாமே" என்றார். ஷவர் பகுதிக்கு ஆர் 11, மற்ற இடத்துக்கு ஆர் 10 எடுத்தோம். முக்காலிக்குப் பதில் சுவரை ஒட்டிக் கட்டிய திட்டு, மேலே கிரானைட், உட்காரும் உயரம், முன்பக்கம் லேசாகச் சரிவு.

மாமிக்கு ஆத்தங்குடிக் கல் ஆசையும் இருந்தது. கண்ணாடி மேல் சிமெண்டும் சாயமும் மணலும் இட்டுச் செய்யும் கல் அது. தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். ஷவருக்குள் வைத்தால் கறைதான் மிஞ்சும். பேசினுக்குப் பின்னால் காய்ந்த சுவரில் சீலர் அடித்து ஒரு பட்டையாக ஒட்டிக் கொடுத்தோம். அந்த பாத்ரூமில் எனக்கே பிடித்த இடம் அதுதான்.

விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்குபவர்களுக்கு ஒரு சங்கதி. அது தண்ணீரையே குடிக்காத டைல்ஸ். அதனால் சிமெண்ட் பாலும் அதில் ஏறாது. சும்மா கலவையில் ஒட்டினால் சில வருஷத்தில் தட்டும்போது டொக் டொக் என்று காலிச் சத்தம் கேட்கும். டைல் அடெசிவ் போட்டுத்தான் ஒட்ட வேண்டும், இடுக்கில் எபாக்ஸி கிரவுட். விலை அதிகம், கை எரியும் என்று டைல்ஸ் ஒட்டுகிறவர் முணுமுணுப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சுவரில் தொங்கும் கம்மோடைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். சுவருக்குள் இரும்புச் சட்டம் போட்டுத்தான் அதை மாட்டுகிறோம். 400 கிலோ வரை தாங்குவதாகச் சோதித்து விற்கிறார்கள். அடியில் துடைப்பம் சுலபமாகப் போகும். கம்மோட் பக்கமும் திட்டுப் பக்கமும் கைப்பிடி வைக்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். நாற்பது வயதுக்காரர்கள் "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்பார்கள். டவல் கம்பி போலத் தெரிகிற கைப்பிடிகள் கிடைக்கின்றன, அதையே மாட்டிவிடுவேன். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

வெளிச்சத்துக்கு அதிகம் செலவில்லை. கூரையின் நடுவில் இருந்த வெள்ளை டியூப் லைட்டை எடுத்துவிட்டு, 3000 கெல்வின் மஞ்சள் விளக்குகள், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ராத்திரிக்குத் தரையோரம் சென்சார் விளக்கு. ஷவருக்கு மேலே வருவது தண்ணீர் புகாத ஐ.பி. 65 விளக்கு. சர்க்யூட் முழுவதற்கும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எக்ஸாஸ்ட் ஃபேன், விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும்படி டைமரோடு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைச் சுவர்கள் தாமாகக் காய்வதில்லை.

எவ்வளவு நாள் என்றால், ஒரு பாத்ரூமுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரம் என்பவர் எதையோ உடைக்காமல் விடப் போகிறார். உடைத்த ரப்பீஸை மூட்டை கட்டி யார் எடுத்துப் போவது, எங்கே கொட்டுவது என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிற வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

இன்னொன்று, காசே ஆகாதது. பைப்பும் ஒயரும் போட்டு முடித்து சுவர் பூசுவதற்கு முன்னால், நான்கு சுவர்களையும் தரையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்திருக்க வேண்டும். தரையிலிருந்து எத்தனை அங்குலம், மூலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று தெரிய வேண்டும். சாமி படம் மாட்டவோ சோப்பு டப்பா மாட்டவோ ஒரு நாள் யாராவது டிரில்லிங் மெஷினோடு வருவார்கள். மாமி அந்தப் படங்களை பிரிண்ட் போட்டு, கெய்ஸர் வாரண்டி அட்டையோடு சேர்த்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார். மேலே பம்பை நிறுத்தும் வால்வு எது என்று அம்புக்குறி போட்ட படமும் அதிலேயே இருக்கிறது.